தண்ணிக்குக் கழிவு

தலவாக்கலை, பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால்
போன் திருத்தும் கடை; அதன் மேல்மாடி.
மேசை ஒன்று, ஹெட்போன் ஒன்று,
கரண்ட் போனால் நாற்பது நிமிஷம் தாங்கும் பாட்டரி.
லோகிதராஜ் வந்து நின்ற அன்று
அவன் மழைக்கோட்டு தரை முழுக்கச் சொட்டியது.

"தங்கச்சி, குரல் மட்டும் வேணும்.
மத்ததெல்லாம் தூக்கிப் போடு.
பொகவந்தலாவையில வெள்ளிக்கிழமை கல்யாணம்."

அட்டனில் யாரோ ஒரு குழு
எப்போதோ பதிந்த சீடி.
உறையில் ஸ்டூடியோவின் பெயர்,
காசு போட்டவரின் பெயர்,
காசு போட்டவருடைய மகனின் பெயர்கூட.
பாடியவள் பெயர் இல்லை.

கடைசியில் அதே பாட்டு, குரலில்லாமல், வெறும் இசையாக.
வழி சுலபம்:
வெறும் இசையைத் தலைகீழாய்ப் புரட்டி
முழுப் பாட்டின் மேல் வைத்தால்
ஏற்றத்தை இறக்கம் தின்னும்.
இரண்டிலும் இருப்பது செத்துப்போகும்,
ஒன்றில் மட்டும் இருப்பது மிஞ்சும்.

எதுவும் அவ்வளவு சுத்தமாய்ச் சாவதில்லை.
ஜால்ராவின் நுனி அவளுடைய 'ச'வில் ஒட்டிக்கொண்டது.
தவிலின் தோல் 'த'வை விட மறுத்தது.
இன்னும் ஆழமாய் வெட்டினேன்;
வாளிக்குள் தலைவிட்டுப் பேசுகிறவள் ஆகிவிட்டாள்.
கொஞ்சம் தவிலைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் வந்தது.

நானும் இரண்டு வருஷம் மலையில் நின்றவள்தான்.
தராசு பதினெட்டு காட்டும்,
புத்தகத்தில் பதினைந்து ஏறும்.
"தண்ணிக்குக் கழிவு" என்பார் கணக்கப்பிள்ளை,
தலை நிமிராமல்.
கொழுந்திலிருந்து மழையைப் பிரிக்க
அவருக்கு ஒரு பேனா போதும்.

இரண்டாவது சரணம் முடிகிற இடம்,
வயலின்கள் எல்லாம் ஒரேயடியாய் எழும்புகிற இடம்.
வயலின்களை எடுத்ததும்
வெறும் அறை கேட்டது. ஒரு மூச்சு.
பிறகு, பாட்டுக்கு வெளியே இருக்கிற குரலில்,
பக்கத்தில் நிற்கும் யாருக்கோ:

குளிருது.

அவ்வளவுதான்.
அடுத்த வரியைச் சுருதி பிசகாமல் எடுத்துவிட்டாள்.
ஏழு தடவை கேட்டேன்.
எட்டாவது தடவை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

"அத வெட்டு" என்றான் லோகிதராஜ், போனில்.
வெட்டினேன்.
இரண்டாயிரம் பேசியது; முந்நூறு கடன் சொன்னான்.
வெட்டியதை எறியவில்லை.
ஒன்றேகால் விநாடி. கோப்பின் பெயர்: தண்ணி.

புது அடியும் நான்தான் கட்டினேன்.
எல்லாம் நின்று, நெஞ்சு காத்திருந்து,
மறுபடி இடி விழுவதற்கு முன்
ஒரு வெற்றிடம் வைப்போமே,
அதற்குள் அவளை உட்கார வைத்தேன்.
முந்நூறு ரூபாய்க்கு ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் தை மாதப் பனி வாசல்வரை வந்திருந்தது.
தாளம் நின்றது. கைகள் மேலேயே நின்றன.
குளிருது, என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. லோகிதராஜ் என்னைத் தேடினான்.
சமையல்கட்டிலிருந்து ஒருத்தன்
"எங்களுக்குந்தான்!" என்று கத்தினான்.
அடுத்த சுற்றில் எல்லாரும் அவளோடு சேர்ந்து சொன்னார்கள்,
பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டவர்கள்,
மாப்பிள்ளை, வீடியோக்காரன்,
தூக்கத்தில் எழும்பிய ஒரு பிள்ளை.

திங்கட்கிழமை படியேறி வந்து
முந்நூறை மேசையில் வைத்தான்.
"பாட்டு வேணாம் தங்கச்சி.
அந்தக் குளிருது மட்டும். கொஞ்சம் சத்தமா."

சத்தத்தை ஏற்ற ஏற்ற
அவளுக்குப் பின்னால் இன்னொன்றும் ஏறியது:
கூரைத் தகரத்தில் மழை.
என்றைக்கோ பெய்தது, இன்னும் விடவில்லை.
எடுக்கப் பார்த்தேன்.
அதோடு 'ளி' போகிறது, 'ரு' போகிறது,
'கு' மட்டும் நிற்கிறது, உதடு குவிந்தபடி.

அப்படியே கொடுத்தேன்.
"என்ன தங்கச்சி, இரைச்சலா இருக்கு?"
தண்ணி, என்றேன்.
கழிக்கவில்லை.